நாற்காலியில் சாயுமுன் சொல்லிவிடுங்கள்



பல் வலித்தால் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது கராம்பு. அடுத்து இரண்டு பனடோல். அதற்கும் அடங்காவிட்டால் உப்புத் தண்ணீர். கன்னம் வீங்கி, சோறு மெல்ல முடியாமற் போன பிறகுதான் பல் வைத்தியரின் நினைப்பு வரும். இந்தத் தாமதம் பொதுவாக எல்லோரிடமும் உள்ளதுதான். ஆனால் முட்டு வருத்தம், நெஞ்சுச் சளி, இழுப்பு என்று மூச்சோடு போராடிக்கொண்டிருப்பவர்களிடம் இது இன்னும் அதிகம். “வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தால் மூச்சு அடைத்துவிடாதா? ஊசி போட்டால் முட்டு இழுக்காதா? வாய் நிறையத் தண்ணீரும் பஞ்சுமாக இருக்கும்போது இருமல் வந்தால் என்ன செய்வது?” இப்படி எண்ணியே பலர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நாளைக் கடத்துகிறார்கள்.

இந்தப் பயத்தைப் பரிகசிக்க முடியாது. மூச்சு முட்டி ஓரிரவு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அதன் வேதனை தெரியும். ஆனால் தாமதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. ஒரு சிறு துளையை அடைக்க ஒரு தடவை போனால் போதும். அதை விட்டுவைத்தால் நரம்பு வரை போகும். பிறகு பல்லைக் கழற்ற வேண்டி வரும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்களில் பிடித்த சீழ், நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் இறங்கினால், அந்த வீக்கமே மூச்சுக்குழாயை நெருக்கிவிடும். இது அரிதாக நடப்பது; நடந்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுக்குப் பயந்து பல்லை விட்டுவைத்தவருக்குப் பல்லாலேயே மூச்சு அடைபடும் நிலை அது.

ஆகவே போகாமல் இருப்பது வழியல்ல. பாதுகாப்பாகப் போய்வருவது எப்படி என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறைக்கப்படும் வருத்தம்

நான் அறிந்த ஒரு சகோதரி, திருமணமான புதிதில் மாமியோடு பல் வைத்தியரிடம் போனார். “ஏதும் வருத்தம் இருக்கிறதா?” என்று வழமைபோல் கேட்கப்பட்டது. மாமி பக்கத்தில் இருக்கிறாரே என்று, “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டார். சிறு வயதிலிருந்தே அவருக்கு முட்டு. பம்ப் வீட்டில், அலுமாரியில், உடுப்புகளுக்கு அடியில் இருந்தது. பாதி வேலையில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. என்ன நடக்கிறது என்று வைத்தியருக்கு உடனே விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, அல்லாஹ்வின் அருளால் சுகமானார்.

இந்தச் சகோதரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெண்பிள்ளைக்கு முட்டு இருப்பது தெரிந்தால் கலியாணம் தவறிவிடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாம்தான். பம்பை ஒளித்துப் பாவிக்கப் பழக்கியவர்களும் நாம்தான். வருத்தம் அல்லாஹ்வின் நாட்டப்படி வருவது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதை வைத்தியரிடமே மறைக்கும் அளவுக்கு ஒரு பிள்ளையைப் பயமுறுத்தி வைத்திருப்பதுதான் வெட்கப்பட வேண்டிய காரியம்.

பல் வைத்தியருக்கு மூச்சு வருத்தம் புதிதல்ல. முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ப அவர் நாற்காலியைச் சரிக்கும் அளவும், கொடுக்கும் மருந்தும், வேலையின் நேரமும் மாறும். சொல்லப்படாத வருத்தத்துக்கு மட்டும் அவரால் ஆயத்தமாக முடியாது. இக்கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்

அவசரமில்லாத பல் வேலைக்கு நாள் குறிக்குமுன், கடந்த நான்கு வாரங்களை எண்ணி நான்கு கேள்விகளை உங்களிடமே கேளுங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் முட்டு வந்ததா? இரவில் இருமலோ இழுப்போ எழுப்பியதா? உடனடி ஆறுதல் தரும் நீலப் பம்ப் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? வீட்டு வேலையோ நடையோ மூச்சால் தடைப்பட்டதா? ஒன்றுக்கேனும் “ஆம்” என்பது பதிலானால் உங்கள் முட்டு இன்னும் கட்டுப்பாட்டில் இல்லை. முதலில் கிளினிக்குக்குப் போய் அதைச் சரிசெய்துகொண்டு பல்லுக்குப் போங்கள். காய்ச்சல், தடிமல், நெஞ்சில் சத்தம் உள்ள நாளிலும் தள்ளிப்போடலாம். ஆனால் வீக்கம், சீழ், பொறுக்க முடியாத வலி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு நிலையைச் சொல்லியபடியே உடனே போங்கள்.

போகும் நாளில் வழமையான மருந்து எதையும் விடக் கூடாது. “இன்றைக்குப் பல்லுக்குப் போகிறோம், மருந்து வேண்டாம்” என்று தாமாகவே நிறுத்துவோர் பலர். அது தவறு. பம்ப் பாவித்தால் அதற்கே பழகிவிடும் என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. கணக்கைப் பாருங்கள். சல்பியூட்டமோல் குளிசை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். பம்பை ஒரு தடவை அமுக்கினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு குளிசையில் 40 அமுக்கலுக்குரிய மருந்து இருக்கிறது. பம்பின் மருந்து நேரே நெஞ்சுக்குப் போவதால்தான் அந்தச் சிறிய அளவே போதுமாகிறது.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முட்டு உள்ளவர்களுக்கு அதிகாலைக் குளிர் பொதுவாக ஒத்துவராது. முற்பகல் கடந்த நேரம் கிடைத்தால் நல்லது. அரசாங்க ஆஸ்பத்திரியில் துண்டு எடுக்கக் காலையிலேயே நிற்க வேண்டியிருந்தால், வீட்டிலிருந்து ஒருவரை அதற்கு அனுப்பலாம். முதல் நாள் நுளம்புச் சுருள், சாம்பிராணிப் புகை, ஒட்டடை அடித்தல், தலையணை தட்டுதல் என்பவற்றிலிருந்து ஒதுங்கியிருங்கள்.

கைப்பையில் நீலப் பம்ப், இருந்தால் ஸ்பேசர், கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகளின் பெட்டிகள் என்பன இருக்கட்டும். பம்பில் மருந்து மிச்சமிருக்கிறதா, காலாவதித் திகதி கடந்துவிட்டதா என்று முதல் நாளே பாருங்கள். துணைக்கு ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

என்னென்ன சொல்ல வேண்டும்?

“எனக்கு முட்டு” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசியாக எப்போது கடுமையாக வந்தது, ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்ததா, எதனால் தூண்டப்படுகிறது என்பதையும் சொல்லுங்கள். பின்வருவனவற்றையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, வலி மருந்து. வளர்ந்த முட்டுக்காரர்களில் 100க்குச் சுமார் 7 பேருக்கு டிஸ்பிரின் போன்ற அஸ்பிரின் மருந்துகளும், இபுபுரோபென், டைகுளோபெனாக் போன்றவையும் கடும் இழுப்பை உண்டாக்கும். முன்பு அப்படி நடந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பல் கழற்றிய பின் எழுதப்படும் மருந்துகளில் இவையும் வருவதுண்டு. பக்கத்து வீட்டாரின் வலிக் குளிசையை வாங்கிப் போடுவதும் இதனால்தான் ஆபத்து. பெரும்பாலானோருக்குப் பனடோல் பாதுகாப்பானது.

இரண்டாவது, தியோபிலின் குளிசை. இதைப் பாவிப்போருக்கு எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், சிப்ரோபிளொக்சசின் ஆகிய கிருமிக்கொல்லி மருந்துகள் சேர்ந்தால், உடலில் தியோபிலின் அளவு கூடி வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, சிலவேளை வலிப்பும் வரலாம். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு எரித்ரோமைசின் எழுதுவது வழக்கம். எனவே இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மூன்றாவது, பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் குளிசைகளை நெடுநாள் எடுப்பது. புண் ஆறுவதிலும் கிருமி தொற்றுவதிலும் இதற்குப் பங்குண்டு. அதை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

நான்காவது, ஒவ்வாமை. இறப்பர் கையுறை ஒத்துவராதவர்களுக்கு வேறு கையுறை உண்டு. உலர்த்திய பழங்களிலும் சில உணவுகளிலும் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் என்னும் பொருள் சிலருக்கு முட்டை எழுப்பும். சில விறைப்பு ஊசிகளிலும் அது மிகச் சிறிய அளவில் உண்டு. அப்படி ஓர் அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். வைத்தியர் வேறு ஊசியைத் தெரிவார்.

ஐந்தாவது, படுத்தால் மூச்சு முட்டுவது. எத்தனை தலையணை வைத்து உறங்குகிறீர்கள் என்று சொன்னாலே வைத்தியருக்கு விளங்கும். இது சிலவேளை நெஞ்சு வருத்தத்தால் மட்டுமன்றி, இருதய வருத்தத்தாலும் வருவது. அதுவரை எந்த டாக்டரிடமும் காட்டியிராவிட்டால் முதலில் காட்டுங்கள்.

இங்கே நம் உம்மாமார், மூத்தம்மாமார் பற்றி ஒரு வார்த்தை. சிகரட்டைத் தொட்டே இராத பெண்களுக்கும், நாற்பது ஐம்பது வருடம் விறகடுப்பின் புகையைச் சுவாசித்ததால் நாட்பட்ட நெஞ்சு வருத்தம் வருகிறது. “வயசாகிவிட்டது, அதுதான் மூச்சு வாங்குகிறது” என்று அவர்கள் அதை ஒரு வருத்தமாகவே எண்ணுவதில்லை. ஆதலால் யாரிடமும் சொல்வதுமில்லை. அவர்களை அழைத்துப் போகும் மகளோ மருமகளோதான் சொல்ல வேண்டும். 2020இல் கொரோனா வந்தபின் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி பல வீடுகளில் இருக்கிறது. சுகமாக இருக்கும் நாளில் அவர்களுக்கு அது காட்டும் அளவைக் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். பல் வைத்தியருக்கு அது உதவும்.

நாற்காலியில்

பல் கழற்றுவதற்கு வழமையாகப் போடுவது அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் ஊசி. அது நெஞ்சை விறைக்கச் செய்யாது, மயக்கமும் ஆக்காது. ஆனால் ஊசிக்குப் பின் நாக்கும் சிலவேளை தொண்டைப் பக்கமும் தடித்தது போலத் தோன்றும். விழுங்கவே முடியாதது போல இருக்கும். பலர் மூச்சு நின்றுவிட்டதாகப் பதறுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அங்கே உணர்ச்சிதான் குறைந்திருக்கிறது. காற்று வழமைபோல் போய்வருகிறது. மூக்கால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், விளங்கும். அப்படி இழுக்க முடியாமல் நெஞ்சு இறுகினாலோ, உடலில் தடிப்பும் அரிப்பும் வந்தாலோ உடனே வைத்தியருக்குக் காட்டுங்கள்.

நாற்காலியை முழுதாகச் சரிக்காமல் பாதி நிமிர்த்தி வைக்கும்படி கேட்கலாம். கையை உயர்த்தினால் வேலையை நிறுத்துவதென்று தொடங்குமுன்னரே வைத்தியரோடு பேசிக்கொள்ளுங்கள். வாய் திறந்திருக்கும்போது பேச முடியாது. கைதான் உங்கள் நாக்கு. தண்ணீர் தேங்கினால் உறிஞ்சி எடுக்கச் சொல்லலாம். பல வேலைகள் இருந்தால் ஒரே நாளில் முடிக்காமல் சில தடவைகளாகப் பிரித்துச் செய்விக்கலாம். மூக்கடைப்பு உள்ளவர்கள் வாயில் இறப்பர் திரை போடுமுன் அதைச் சொல்ல வேண்டும். பம்ப் கைப்பையில் கிடக்காமல் வைத்தியரின் கைக்கெட்டும் தட்டில் இருக்கட்டும்.

நம் சகோதரிகளுக்கு உடை பற்றியும் ஒரு குறிப்பு. கழுத்தில் இறுக்கமாக ஊசி குத்திய ஹிஜாப், சாய்ந்து படுக்கும்போது தாடையின் கீழ் இன்னும் இறுகும். மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு போங்கள். முகத்தை மூடுவோர் பெண் பல் வைத்தியர் உள்ள நேரத்தை முன்பே விசாரித்து வைக்கலாம். நம் நாட்டில் பெண் பல் வைத்தியர்கள் நிறையவே இருக்கிறார்கள். பெண் வைத்தியர் கிடைக்கவில்லை என்பதற்காக அவசரச் சிகிச்சையைத் தள்ளிப்போட மார்க்கம் சொல்லவில்லை. மஹ்ரமோ இன்னொரு பெண்ணோ அருகில் இருக்க, தேவையான அளவுக்கு முகத்தைத் திறப்பதற்கு அனுமதி உண்டு.

பயம் வரும்போது மூச்சு வேகமாகும். வேகமானால் பயம் இன்னும் கூடும். மூக்கால் மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் வெளியே விடப் பழகுங்கள். வேலை நடக்கும்போது உதட்டைக் குவிக்க முடியாதுதான். இருந்தும் இடைவேளைகளில் உதவும். மனதுக்குள் ஓதும் திக்ரையும் அந்த மூச்சோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இழுப்பு வந்துவிட்டால்

வாயிலுள்ள பஞ்சு, கருவிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து சற்று முன்னே சாய வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. நீலப் பம்பை ஸ்பேசரில் பொருத்தி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். உங்கள் டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து அமுக்கல் வரை போகலாம். அதற்கும் குறையாவிட்டாலோ, ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமற் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனியார் கிளினிக்கில் இருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிவானது. அதற்குக் கட்டணமில்லை.

கடுமையான நெஞ்சு வருத்தம் உள்ளவர்களும், வீட்டில் ஒட்சிசன் பாவிப்பவர்களும் சிறிய தனியார் கிளினிக்குகளை விட, பல் பிரிவும் வைத்தியப் பிரிவும் சேர்ந்துள்ள அரசாங்க ஆஸ்பத்திரியைத் தெரிவது நல்லது. சிக்கலானவர்களை அங்கிருந்து கொழும்பு வோட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலைக்கோ, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள்.

வீடு திரும்பிய பின்

பல் கழற்றிய இடத்தில் கடித்திருக்கும் பஞ்சை வைத்தியர் சொன்ன நேரம்வரை வைத்திருங்கள். முதல் 24 மணித்தியாலத்துக்குப் பலமாகக் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது, இரத்தக்கட்டி கழன்றுவிடும். “அப்படியானால் வுழூ?” என்று கேட்பீர்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் வுழூவின்போது வாய் கொப்பளிப்பது ஸுன்னத்து, பர்ழு அல்ல. அன்று அதை விட்டாலும் வுழூ நிறைவேறும். விரும்பினால் தண்ணீரை வாயில் எடுத்து, அசைக்காமல், தானாக வழிய விடலாம். கபில நிறப் பம்ப் பாவித்த பின் வாய் கழுவுவதையும் அன்று இவ்வாறே செய்யுங்கள். பம்பை மட்டும் நிறுத்த வேண்டாம்.

வாய் கழுவுதல் பற்றிச் சொல்லும்போது, தினசரி வழக்கம் ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். முட்டு வராமல் தடுக்கும் ஸ்டீரொய்ட் பம்ப் பெரும்பாலும் காலையும் இரவும் எடுப்பது. அதன் மருந்து வாயில் தங்கினால் நாக்கில் வெள்ளைப் படையாகப் பூஞ்சணம் பிடிக்கும், குரல் கரகரக்கும். நீலப் பம்ப் போன்றவை வாயை உலர வைக்கும். உமிழ்நீர் குறைந்தால் பல் சீக்கிரம் சூத்தையாகும். பம்பை ஸுபஹுக்கும் இஷாவுக்கும் வுழூச் செய்யப் போகுமுன் எடுக்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டால், மிஸ்வாக்கும் கொப்பளிப்பும் தாமாகவே பின்னால் வந்துவிடும். தொண்டை வரை தண்ணீர் படும்படி கொப்பளித்துத் துப்புங்கள். முரசையும் நன்கு துலக்குங்கள். பிள்ளைகளுக்கு இரவில் சீனி சேர்ந்த பாணி மருந்து கொடுத்தால், பல் துலக்கிய பின்னரே உறங்க விடுங்கள். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் பிள்ளையைக் காட்டும்போதும் முட்டு இருப்பதைச் சொல்லி, பம்பைப் புத்தகப் பையில் வைத்து அனுப்புங்கள்.

நோன்பு நாட்களில்

பகலில் பல் வேலை செய்வதால் நோன்பு முறியுமா என்று பலர் கேட்கிறார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பல்லைத் துளைத்தல், கழற்றல், துப்புரவு செய்தல் என்பவற்றால் நோன்பு முறியாது, தொண்டைக்குள் போவதை விழுங்காதிருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. ஆனால் மூச்சு வருத்தம் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடும் உலர்ந்த வாயோடும் நாற்காலியில் அமராமல், முடிந்தால் றமழானுக்கு முன்போ, நோன்பு திறந்த பின்போ நேரம் எடுப்பதே சுலபம்.

பம்ப் பாவித்தால் நோன்பு முறியுமா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தினசரித் தடுப்புப் பம்பை ஸஹரிலும் இப்தாருக்குப் பின்பும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலானோருக்கு முடியும். ஆனால் மூச்சு முட்டும்போது மஸ்அலா தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் பம்பை எடுங்கள். முறிந்ததென்றே வைத்துக்கொண்டாலும், நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். பிறகு கழாச் செய்யலாம்.

சகோதரிகளே! உங்கள் வீட்டில் பம்பை ஒளித்துவைத்திருக்கும் மகளோ மருமகளோ இருந்தால், இன்றே அதை அலுமாரியின் அடியிலிருந்து எடுத்து அவளுடைய கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை பல் வைத்தியரிடம் அவளோடு நீங்கள் போனால், அவள் தயங்கும்போது, “டாக்டர், எங்கள் பிள்ளைக்கு முட்டு இருக்கிறது” என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தால், அதன்பின் அவளுக்கு எதையும் மறைக்கும் தேவை இராது.

வல்ல நாயன் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.